முதல் மூன்று நாட்களின் சட்டம்

2013 செப்டம்பர் 22 அன்று 'அத்தாரின்டிகி தாரேதி' தெலுங்குப் படத்தின் முதல் பாதி இணையத்தில் வெளியானது. பவன் கல்யாண் நடித்து, திரிவிக்ரம் ஸ்ரீநிவாஸ் இயக்கிய படம் அது. ஆந்திரத்தைப் பிரிக்கும் முடிவை எதிர்த்துக் கடலோர மாவட்டங்களில் போராட்டம் நடந்துகொண்டிருந்ததால் வெளியீடு தள்ளிப்போயிருந்தது. ஒன்றரை மணி நேரக் காட்சிகள் கைமாறி ஊரெங்கும் பரவ, தயாரிப்பாளர் பி.வி.எஸ்.என். பிரசாத் அக்டோபரில் வரவேண்டிய படத்தை அவசரமாக செப்டம்பர் 27க்குக் கொண்டுவந்தார். கிருஷ்ணா மாவட்டத்தில் பெடனா என்ற சிற்றூரில் விற்ற வட்டுகளைப் பிடித்து, வந்த வழியே பின்னோக்கிப் போன போலீசார், தயாரிப்புப் பணியில் இருந்த ஒருவர் மூலமாகவே பிரதி வெளியேறியது என்று அறிவித்தார்கள்.

கசிந்த பிறகும் படம் பெரும் வெற்றி பெற்றது. திருட்டுப் பிரதியால் நல்ல படத்துக்கு நட்டமில்லை என்று சொல்பவர்கள் இன்றும் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பெரிய நடிகரின் ரசிகர்கள் கோபத்தோடும் பரிவோடும் திரையரங்குக்குத் திரண்டதை வைத்துப் பொது விதி எழுத முடியாது. அந்த நிகழ்விலிருந்து ஹைதராபாத் திரையுலகம் வேறொரு பாடத்தைக் கற்றது: முதல் வெள்ளி, சனி, ஞாயிறு கைவிட்டுப் போகக் கூடாது. அதன்பின் அந்த நகரில் எழுந்த தொழில்நுட்பம், போலீஸ் பிரிவு, நீதிமன்ற உத்தரவு எல்லாமே அந்த மூன்று நாட்களின் கடிகாரத்துக்கு ஏற்பவே அமைந்தன. அதே பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் வாழும் நாவலாசிரியருக்கும், மண்டல நிருபருக்கும், பழைய புத்தகத்தைத் தேடும் வாசகருக்கும் அந்தக் கடிகாரம் ஓடுவதில்லை. ஹைதராபாத்தை முன்வைத்து இந்தக் கட்டுரை பார்க்க முயல்வது இந்த வேறுபாட்டைத்தான்.

முதலில் அந்த மூன்று நாட்களைப் பார்ப்போம். 2017 ஏப்ரல் 28 அன்று 'பாகுபலி 2' வெளியானது. சில நாட்களில் அதன் தயாரிப்பு நிறுவனமான ஆர்கா மீடியாவொர்க்ஸுக்கு ஓர் அழைப்பு வந்தது. தரமான பிரதி தங்களிடம் இருப்பதாகவும், பணம் தராவிட்டால் இணையத்தில் ஏற்றிவிடுவதாகவும் பேசியவர்கள் மிரட்டினார்கள். மாதிரிக்கு ஒரு துண்டையும் அனுப்பினார்கள். அந்தத் துண்டுதான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. காட்சிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருந்த வாட்டர்மார்க்கைப் படித்ததில், பிரதி எடுக்கப்பட்ட இடம் பீகாரின் பேகுசராயில் உள்ள ஒரு திரையரங்கு என்று தெரிந்தது. மே மாத நடுவில் ஹைதராபாத் போலீசார் ஆறு பேரைக் கைது செய்தார்கள்.

இந்தத் தொழில்நுட்பத்தைச் சற்று விளக்க வேண்டும். இன்று திரையரங்குக்குப் படச்சுருள் போவதில்லை. மறையாக்கம் செய்த கோப்பு போகிறது. அதைத் திறக்கும் சாவி தனியாக, அந்தத் திரையரங்கின் அந்தக் கருவிக்கு மட்டும், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை மட்டும் செல்லுபடியாகும்படி அனுப்பப்படுகிறது. தென்னிந்தியாவில் இந்தப் பணியைச் செய்யும் பெரிய நிறுவனங்களில் ஒன்றான க்யூப் சென்னையில் பிறந்தது. படம் ஓடும்போது எந்த அரங்கு, எந்த நாள், எந்த நேரம் என்ற குறிப்பைக் கருவியே காட்சிக்குள் பதித்துவிடும். ஓடிடி தளங்களில் கூகுளின் வைட்வைன், ஆப்பிளின் ஃபேர்பிளே போன்ற பூட்டுகள் மறையாக்கிச் சாவியால் திறக்கும் அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. பார்வையாளரின் கண்ணுக்குப் போகும் முன் படம் எங்காவது ஓரிடத்தில் பூட்டில்லாத வெளிச்சமாக மாறித்தான் ஆக வேண்டும். அங்கே ஒரு கேமரா நின்றால் எந்தச் சாவியும் பயன்படாது. வாட்டர்மார்க் திருட்டைத் தடுப்பதுமில்லை. எங்கே திருடினார்கள் என்று பிறகு சொல்கிறது. அந்தப் 'பிறகு'க்குள் முதல் ஞாயிறு கடந்துவிடும்.

2025இல் ஹைதராபாத் சைபர் குற்றப் போலீசார் அடுத்தடுத்து எடுத்த மூன்று நடவடிக்கைகள் இந்த வணிகம் எப்படி மாறிவிட்டது என்பதைக் காட்டின. ஜூலையில், தெலுங்குத் திரைப்பட வர்த்தக சபையின் பைரசி தடுப்புப் பிரிவு கொடுத்த புகாரின் பேரில் வனஸ்தலிபுரத்தைச் சேர்ந்த ஏசி மெக்கானிக் ஒருவர் கைதானார். திரையரங்குகளில் படங்களைக் கைப்பேசியில் பதிவுசெய்து அனுப்பினார், கூலியைக் கிரிப்டோ நாணயத்தில் பெற்றார் என்பது போலீசார் சொன்ன குற்றச்சாட்டு. செப்டம்பரில் ஒரு கும்பல் பிடிபட்டது. கைதானவர்களில் தமிழ்நாட்டுக்காரரும் பீகார்க்காரரும் இருந்தார்கள். திரையரங்குகளுக்குப் படம் அனுப்பும் நிறுவனங்களின் சர்வர்களுக்குள்ளேயே நுழைந்து, வெளியாகும் முன்பே பிரதி எடுத்தார்கள் என்று அப்போதைய ஆணையர் சி.வி. ஆனந்த் விளக்கினார். நவம்பரில் 'ஐபொம்மா' தளத்தை நடத்தியவர் என்று சொல்லப்படுபவர் வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது குக்கட்பள்ளியில் கைதானார். புதிய ஆணையர் வி.சி. சஜ்ஜனார் நடத்திய செய்தியாளர் சந்திப்புக்குத் திரையுலகின் முன்னணியினரும் வந்தார்கள். இந்த வழக்குகளில் எவர் குற்றவாளி என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். அவை வெளிக்கொணர்ந்த பணப்பாதை மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

அந்தப் பாதையில் பார்வையாளர் ஒரு ரூபாயும் கொடுப்பதில்லை. இலவசமாகப் படம் பார்க்க வருபவரின் முன்னால் சூதாட்டச் செயலியின் விளம்பரம் நிற்கிறது. அவர் அதைச் சொடுக்கினால் தளத்துக்குத் தரகு. அவருடைய தொலைபேசி எண்ணும் பார்க்கும் பழக்கமும் இன்னொரு விலைக்குப் போகலாம். முன்பு ஹைதராபாத் அமீர்பேட்டையிலோ சென்னை பர்மா பஜாரிலோ 30 ரூபாய்க்கு வட்டு விற்றவரின் லாபம் வட்டில் இருந்தது. இப்போது படம் வெறும் தூண்டில்புழு. ஆகவே தளத்தை மூடுவதைவிட விளம்பரப் பணத்தை அடைப்பதே பயனுள்ளது என்பது என் முடிவு.

ஹைதராபாத்துக்கு இது புதிய யோசனையும் அல்ல. 2016 ஜூனில் தெலங்கானா அரசு, அப்போதைய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் கே.டி. ராமாராவ் முன்னிலையில், அறிவுசார் சொத்துக் குற்றங்களுக்கென ஒரு போலீஸ் பிரிவைத் தொடங்கியது. இந்தியாவில் அத்தகைய முதல் பிரிவு அது. லண்டன் நகரப் போலீசார் 2013இல் தொடங்கிய பிரிவே அதற்கு முன்மாதிரி. அந்த லண்டன் பிரிவின் மையக் கருவி, திருட்டுத் தளங்களின் பட்டியலைத் தயாரித்து விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுப்பதுதான். பட்டியலில் உள்ள தளத்துக்கு விளம்பரம் போகாது, வருமானம் வற்றும். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த கைதுகளில் சூதாட்ட விளம்பரமே முக்கிய வருமானமாகத் தெரியவந்தது என்றால், அந்த முன்மாதிரியின் உயிர்ப்பகுதி இங்கே வந்து சேரவில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. நிழலில் இயங்கும் சூதாட்ட நிறுவனம் போலீசார் தரும் பட்டியலுக்குப் பயப்படாது என்பதும் உண்மை. அப்படியானால் பணம் செலுத்தும் வழிகளையும் வங்கிக் கணக்குகளையும்தான் பிடிக்க வேண்டும். அது திரைப்பட வெளியீட்டு நாளோடு முடிகிற வேலை அல்ல; ஆண்டு முழுவதும் கணக்குப் புத்தகங்களைப் படிக்கும் வேலை.

ஐபொம்மா வழக்கின் நவம்பர் கைதுக்குப் பிறகு சமூக வலைத்தளங்களில் பலர் பிடிபட்டவருக்காகப் பரிந்து எழுதினார்கள். திரையுலகம் அதை நன்றிகெட்டதனமாகப் பார்த்தது. நான் அதை ஒரு தகவலாக எடுத்துக்கொள்கிறேன். 2024 டிசம்பர் 4 அன்று 'புஷ்பா 2' படத்தின் சிறப்புக் காட்சிக்கு வழக்கமான விலைக்கு மேல் 800 ரூபாய் கூட்டிக்கொள்ளத் தெலங்கானா அரசு அனுமதித்தது. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒரு படத்துக்கு நாலாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டிய இரவு அது. முதல் மூன்று நாட்களில் முழு முதலையும் எடுத்துவிட வேண்டும் என்ற வணிகமுறை விலையை ஏற்றுகிறது. ஏறிய விலை மக்களைத் திருட்டுத் தளத்தின் பக்கம் தள்ளுகிறது. திருட்டுப் பயம் அந்த மூன்று நாட்களை இன்னும் இறுக்குகிறது. இந்திய இணைய, கைப்பேசிச் சங்கமும் ஈஒய் நிறுவனமும் 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2023இல் இந்தியத் திருட்டுப் பிரதிப் பொருளாதாரத்தின் அளவு 22,400 கோடி ரூபாய் என்றது. ஊடக நுகர்வோரில் 51 சதவீதம் பேர் திருட்டு வழியாகவும் பார்ப்பதாகச் சொன்னது. பாதிப் பேர் செய்வதைப் போலீஸ் வேலையாக மட்டும் பார்த்துத் தீர்த்துவிட முடியாது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. இணைய காலத்துக்கான பெரிய திருத்தம் 2012இல் வந்தது. டிஜிட்டல் பூட்டை உரிமை மீறும் நோக்கத்தோடு உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்று 65ஏ பிரிவு சொல்கிறது. அந்த 'நோக்கத்தோடு' முக்கியமானது. அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டை உடைப்பதையே பெரும்பாலும் குற்றமாக்கியபோது, இந்தியா ஆராய்ச்சி செய்பவருக்கும் நியாயமாகப் பயன்படுத்துபவருக்கும் இடம் விட்டது. இதை நம் நாடாளுமன்றத்தின் நல்ல செயல்களில் ஒன்றாகக் கருதுகிறேன். 2023இல் திரைப்படச் சட்டத் திருத்தம் வந்தது. திரையரங்கில் பதிவு செய்வதற்கும் அதைப் பரப்புவதற்கும் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, மூன்று லட்சம் ரூபாயிலிருந்து படத்தின் கணக்குத் தணிக்கை செய்த தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம் வரை அபராதம். அதே ஆண்டு நவம்பரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் பொறுப்பு அதிகாரிகளை நியமித்தது. திருட்டுப் படம் பற்றிப் புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் நீக்க உத்தரவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

நீதிமன்றங்கள் இதைவிட வேகமாக ஓடின. இதில் ஹைதராபாத்தும் சென்னையும் சேர்ந்து செய்த ஒரு பழைய தவறு உண்டு. 2012இல் தனுஷ் நடித்த '3', ஜூனியர் என்.டி.ஆர். நடித்த தெலுங்குப் படமான 'தம்மு' ஆகியவற்றுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் 'பெயர் தெரியாத நபர்' மீது தடையுத்தரவு பெறப்பட்டது. உத்தரவைக் கையில் வாங்கிய இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ, பேஸ்ட்பின் போன்ற முழுத் தளங்களையே மூடின. தம் சொந்தப் படைப்பை அங்கே வைத்திருந்த குறும்பட இயக்குநரும் மென்பொருள் எழுதுபவரும் காரணம் தெரியாமல் வெளியே நின்றார்கள். அந்த ஜூனில், குறிப்பிட்ட இணைய முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் விளக்கம் கொடுத்தது. ஆனால் 2019இல் தில்லி உயர் நீதிமன்றம் வேறு திசையில் போனது. முழுக்கத் திருட்டுக்கென்றே நடக்கும் தளத்தை முழுதாக மூடலாம், அது புதிய பெயரில் முளைத்தால் புது வழக்கில்லாமல் அதையும் பட்டியலில் சேர்க்கலாம் என்றது. 2023இல் இன்னும் உருவாகாத படைப்புகளுக்கும் அந்தப் பாதுகாப்பு நீண்டது. திருடர்கள் பெயர் மாற்றும் வேகத்துக்கு இது தேவைப்பட்டது, சரி. தவறாக மூடப்பட்டவர் யாரிடம், எத்தனை நாளில் முறையிடுவது என்பதற்கு மட்டும் இதே அளவு வேகமான ஏற்பாடு இல்லை.

இப்போது அதே சட்டத்தின் இன்னொரு வாசலுக்குப் போவோம். மகேஷ் பாபு நடித்து, கொரட்டாலா சிவா இயக்கிய 'ஸ்ரீமந்துடு' 2015இல் வெளியானது. தெலுங்கு வார இதழான 'சுவாதி'யில் வந்த தன் நாவலிலிருந்து கதை எடுக்கப்பட்டது என்று எழுத்தாளர் சரத் சந்திரா ஹைதராபாத் நாம்பள்ளி நீதிமன்றத்தில் புகார் செய்தார். இயக்குநர் தரப்பு அதை மறுத்தது. வழக்கை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றம் போனது, அங்கே தோற்று உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. கதை எடுக்கப்பட்டதா இல்லையா என்பது அப்போதும் முடிவாகவில்லை. வழக்கு விசாரணையைச் சந்திக்க வேண்டும் என்பது மட்டுமே முடிவானது. படம் வந்து எட்டரை ஆண்டுகள்! எவர் பக்கம் நியாயம் என்று நான் சொல்லவில்லை. படம் கசிந்தால் 48 மணி நேரம், கதை எடுக்கப்பட்டது என்றால் எட்டரை ஆண்டு விசாரணையின் வாசல் வரை என்ற கணக்கு எந்த எழுத்தாளருக்கும் கசக்கும். அந்தக் குற்றச்சாட்டு பொய்யாக இருந்தால், இயக்குநருக்கும் அந்த எட்டரை ஆண்டு அநீதிதான்.

எழுதுபவரின் கையில் சட்டம் கொடுத்த வலிமை குறைவானதல்ல, தாளில் இருக்கிறது. 'ஆரண்ய காண்டம்' படத்தை இயக்கிய தியாகராஜன் குமாரராஜா, தன் திரைக்கதையை வேறு மொழியில் மறுஆக்கம் செய்யத் தயாரிப்பாளருக்கு உரிமையில்லை என்று வழக்காடினார். படத்தை மொழிமாற்றி ஒலிச்சேர்க்கை செய்யத் தயாரிப்பாளருக்கு உரிமை உண்டு, எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை மறுஆக்க உரிமை எழுதியவரிடமே இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு 2017 நவம்பரில் தீர்ப்பளித்தது. சட்டத்தின் 18, 19ஆம் பிரிவுகளும் இதையே பேசுகின்றன. உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ஒப்பந்தம் போட்ட நாளில் பிறந்தே இராத ஓர் ஊடகத்துக்கான உரிமையை, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல் எழுதி வாங்க முடியாது என்பது 2012இன் சேர்க்கை.

இளையராஜாவின் வழக்குகள் இந்தத் தாளின் பலத்தை ஹைதராபாத்துக்கே கொண்டுபோயின. அஜித் குமார் நடித்த 'குட் பேட் அக்லி' படத்தைத் தயாரித்தது ஹைதராபாத்தின் மைத்ரி மூவி மேக்கர்ஸ். தன் பழைய பாடல்களை அனுமதியின்றிப் பயன்படுத்தினார்கள் என்று இளையராஜா வழக்குப் போட்டார். இசை நிறுவனத்திடம் உரிய அனுமதி வாங்கினோம் என்றது தயாரிப்புத் தரப்பு. 2025 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க, படம் நெட்ஃபிளிக்ஸிலிருந்தே இறங்கியது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒலிநாடாவுக்காகப் போட்ட ஒப்பந்தத்தில் ஓடிடி என்ற சொல் இருந்திருக்க முடியாது. அந்த இடைவெளியில்தான் இன்றைய வழக்குகள் எல்லாம் நிற்கின்றன. இவ்வளவு விரைவாகத் தடை கிடைக்க மனுதாரர் இளையராஜாவாக இருக்க வேண்டுமா என்ற கேள்வி, வாய்மொழியாகக் கதை சொல்லிவிட்டு ஹைதராபாத் ஃபிலிம் நகரிலிருந்து வெறுங்கையோடு திரும்பும் உதவி இயக்குநரின் கேள்வி.

படைப்பவரை விட்டு வாசகரிடம் வந்தால் சட்டத்தின் முகம் மாறுகிறது. ஹைதராபாத் கச்சிபௌலியில் உள்ள ட்ரிபிள் ஐடி இந்திய டிஜிட்டல் நூலகத் திட்டத்தின் முக்கிய ஸ்கேனிங் மையங்களில் ஒன்றாக இருந்தது. ஆந்திரத்தில் பிறந்து அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கணினி அறிஞர் ராஜ் ரெட்டியின் பத்து லட்சம் நூல் கனவிலிருந்து வளர்ந்த திட்டம் அது. தெலுங்கு, தமிழ், உருது, சமஸ்கிருதம் என்று பல மொழிகளிலும் நூலகங்களில் பொடிந்துகொண்டிருந்த நூல்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்தார்கள். இந்தியா முழுவதும் சேர்ந்து 5 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள். தமிழில் ஆய்வு செய்யும் எத்தனையோ பேர் தமக்கு வேண்டிய பழைய பதிப்பை முதலில் அங்கேதான் கண்டெடுத்தார்கள். பிறகு ஒருநாள் பதிப்புரிமைச் சிக்கல் காரணமாகத் தளம் மூடப்பட்டிருப்பதாக அறிவிப்பு வந்தது. உரிமைக்காலம் முடிந்த நூலும் முடியாத நூலும் சேர்ந்து மறைந்தன. இன்று அந்த நூல்களில் பெரும்பகுதி கிடைப்பது, அமெரிக்காவிலுள்ள இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் படியெடுத்து வைக்கப்பட்டதால்தான். பொதுப் பணத்தில் இங்கே ஸ்கேன் செய்யப்பட்ட நூலைப் படிக்க, அயல்நாட்டு அறக்கட்டளை ஒன்றின் தயவை நாடுகிறோம்.

இதில் எனக்குள்ள மனத்தாங்கல் சிறியதல்ல. இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளும் அவர் மறைந்த பின் 60 ஆண்டும் நீடிக்கிறது. 1991 இறுதி வரை 50ஆக இருந்தது. தாகூரின் படைப்புகளுக்கு உரிமைக்காலம் முடியப்போன வேளையில் பத்தாண்டு கூட்டப்பட்டது. ஒரு நாவலாசிரியரின் பேரப்பிள்ளைகள் யார், எங்கே என்று தெரியாத நிலையில் அவருடைய நூல் அறுபது ஆண்டு பூட்டில் கிடக்கும். 'சந்தமாமா'வை எண்ணிப் பார்க்கலாம். பி. நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தெலுங்கில் 'சந்தமாமா'வாகவும் தமிழில் 'அம்புலிமாமா'வாகவும் தொடங்கிய இதழ் அது. 2007இல் அது மும்பையின் ஜியோடெசிக் என்ற மென்பொருள் நிறுவனத்திடம் போனது. சில ஆண்டுகளில் இதழ் நின்றது, நிறுவனமும் கலைப்புக்குப் போனது. இரு மொழிகளில் மூன்று தலைமுறைக் குழந்தைகள் வாசித்த இதழின் பழைய பக்கங்கள் இன்று கிடைப்பது, வீட்டுப் பரணில் வைத்திருந்ததை ஸ்கேன் செய்து ஏற்றிய வாசகர்களால். சட்டத்தின் கண்ணில் அவர்களும் உரிமை மீறியவர்கள். ஐபொம்மாவையும் இவர்களையும் ஒரே சொல்லால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

வழி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத நூலை வெளியிட உரிமம் கேட்கலாம் என்கிறது 31ஏ பிரிவு. அந்த உரிமத்தைக் கொடுக்க முன்பு பதிப்புரிமை வாரியம் இருந்தது. அதன் வேலை அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனது. 2021இல் அந்த வாரியமும் கலைக்கப்பட்டு வேலை உயர் நீதிமன்றங்களிடம் வந்தது. ஒரு பழைய சிறுகதைத் தொகுப்புக்காக உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுக்கச் சிறு பதிப்பாளரால் முடியாது. மாவட்ட அளவில், நிலையான சிறு கட்டணத்தில், ஒரு பதிவு அலுவலகம் இதைச் செய்யக் கூடாது என்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

செய்தித் தொழிலில் இந்த முரண் இன்னும் கூர்மையாகிறது. 2020 ஊரடங்கில் நாளிதழ்களின் மின்பதிப்புகள் டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் காலை ஐந்து மணிக்கே முழுதாகச் சுற்றின. அந்த மே மாதம் 'தைனிக் ஜாக்ரன்' தில்லி உயர் நீதிமன்றம் போய், டெலிகிராம் சேனல்களை நீக்க உத்தரவு வாங்கியது. மறுபக்கம், செய்திக் காட்சியின் சில விநாடிகளைக் காட்டி அலசும் தனி யூடியூபர் எப்போதும் பயந்துகொண்டே இருக்கிறார். 90 நாட்களுக்குள் மூன்று பதிப்புரிமைப் புகார்கள் நிலைத்தால் யூடியூப் சேனலே போய்விடும். 2025 மே மாதத்தில், ஏஎன்ஐ செய்தி நிறுவனம் இப்படிப் புகார் கொடுத்துவிட்டுப் பெருந்தொகை கேட்பதாகச் சில யூடியூபர்கள் குற்றம் சாட்டினார்கள். தன் உரிமையைத் தான் காப்பதாக நிறுவனம் சொன்னது. நடப்புச் செய்தியை அறிவிக்கவும் விமர்சிக்கவும் ஒரு படைப்பை நியாயமாக எடுத்தாளலாம் என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. அடிப்படையற்ற மிரட்டலுக்கு எதிராக வழக்குப் போடலாம் என்று 60ஆம் பிரிவு சொல்கிறது. இவை இரண்டும் நீதிமன்றத்தில் வெல்லும் வாதங்கள். யூடியூபின் தானியங்கி முறையிடம் வைக்கும் வாதங்கள் அல்ல.

இந்த எல்லாவற்றுக்கும் மேலாக இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து நிற்கிறது. 2024 நவம்பரில் ஏஎன்ஐ, தன் செய்திகளை வைத்து மாதிரியைப் பயிற்றுவித்ததாக ஓபன்ஏஐ மீது தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. டிஜிட்டல் செய்தி வெளியீட்டாளர் சங்கமும் அதில் சேர்ந்துகொண்டது. 2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறை ஒரு பணியறிக்கையை வெளியிட்டது. பயிற்சிக்கு எல்லோருடைய படைப்பையும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கட்டாய உரிமத்தின் கீழ் பணம் கட்ட வேண்டும், ஒரு மைய அமைப்பு அதை வசூலித்துப் பங்கிடும் என்பது அதன் யோசனை. அந்தப் பங்கு யாருக்குப் போகும் என்பதில்தான் என் கவலை.

'ஈநாடு' 1974இல் விசாகப்பட்டினத்தில் தொடங்கி ஹைதராபாத்துக்கு வந்த நாளிதழ். 1989இலிருந்து அது மாவட்டந்தோறும் தனி இணைப்புப் பக்கங்கள் போட்டது. பிற தெலுங்கு நாளிதழ்களும் பின்தொடர்ந்தன. அந்தப் பக்கங்களை நிரப்பியவர்கள் மண்டலந்தோறும் இருந்த பகுதிநேர நிருபர்கள். மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். அச்சான செய்தியின் அளவுக்கேற்ற கூலி. ஏரி உடைந்ததையும், பருத்தி விலை சரிந்ததையும், பள்ளிக்கூடத்தில் சத்துணவு நின்றதையும் தெலுங்கில் எழுதிச் சேர்த்தவர்கள் அவர்கள். தெலுங்கைக் கற்கும் எந்த இயந்திரமும் அவர்கள் வாக்கியங்களிலிருந்துதான் கற்க வேண்டியிருக்கும்.

17ஆம் பிரிவின் முதல் உட்பிரிவைக் கவனமாகப் படித்தால், பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் எழுதியதிலும் பத்திரிகை உரிமையாளரின் உரிமை நாளிதழ் அல்லது பருவ இதழ் ஒன்றில் வெளியிடுவதோடு முடிகிறது. வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மற்ற எல்லாப் பயன்பாட்டிலும் உரிமை எழுதியவருக்கே. சம்பளக்காரராகவே இல்லாத மண்டல நிருபருக்கு அவர் எழுத்தின் முழு உரிமையும், எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய, அவரிடமே இருக்கிறது. பயிற்சிக் கட்டணம் என்று ஒன்று வருமானால், அதில் அவருக்கு உரிமையான பங்கு உண்டு.

அந்தப் பணம் வரும் முன்பே நாளிதழ் அலுவலகங்களில் புதிய படிவங்கள் கையொப்பத்துக்கு வரும். இனி உருவாகும் எல்லா ஊடகத்துக்கும், எல்லா இயந்திரப் பயிற்சிக்கும், உலகம் முழுவதற்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு வரி அதில் இருக்கலாம். நிருபர் சங்கங்கள் தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் இப்போதே அந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும். பங்கு எவ்வளவு, கணக்கு எப்போது என்று எழுதப்படாத படிவத்தில் யாரும் கையெழுத்திடக் கூடாது. பணியறிக்கையின் மைய அமைப்பில் நிறுவனங்களின் பிரதிநிதிகளோடு எழுதியவர்களின் பிரதிநிதிகளுக்கும் இடம் வேண்டும் என்று அவர்கள் அரசிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.